முதல் பதிலில் வழுக்கி விழாதீர்கள்!

போன மாதம் ஒரு மாலை வேளை. ஓர் அம்மா தன் மகனைக் கையோடு இழுத்துக்கொண்டு என் கிளினிக்கிற்குள் வந்தார். பையன் எட்டாம் வகுப்பு. முகத்தில் தூக்கமில்லாத களைப்பு.

"டாக்டர், இவனுக்கு ரெண்டு மாசமா தலைவலி. காரணம் எனக்கே தெரியும். கம்ப்யூட்டர்ல ஏதோ கேள்வி விளையாட்டாம். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அதைக் கட்டிக்கிட்டு அழறான். தப்பாயிட்டா தலையிலே அடிச்சுக்கிறான். நீங்களே நல்லா நாலு வார்த்தை சொல்லுங்க!"

நான் பையனைப் பார்த்தேன். "என்ன தம்பி, அப்படி என்ன விளையாட்டு?"

அவன் தலையை நிமிர்த்தாமலே கேட்டான்: "டாக்டர், ஒரு போலோவில எத்தனை ஓட்டை?"

போலோ மிட்டாய் தெரியாதவர் யார்? நடுவில் ஓட்டை உள்ள புதினா மிட்டாய். "ஒண்ணு" என்றேன், கொஞ்சமும் யோசிக்காமல்.

"தப்பு டாக்டர். நாலு!"

என்ன, உங்களுக்கும் 'ஒன்று' என்றுதான் வாயில் வந்ததா? அப்படியானால் இந்தக் கட்டுரை நம் இருவருக்கும் சேர்த்துத்தான்.

என்ன விளையாட்டு இது?

அன்றிரவு வீட்டுக்குப் போனதும் நானும் அந்த விளையாட்டைத் திறந்து பார்த்தேன். 'தி இம்பாஸிபிள் குவிஸ்' என்பது அதன் பெயர். முடியவே முடியாத வினாடி வினா என்று சொல்லலாம். 'ஸ்பிளாப்-மி-டூ' என்ற புனைபெயர் கொண்ட இங்கிலாந்துக்காரர் ஒருவர் 2007ல் வெளியிட்டது. தனியாக எதையும் வாங்கிப் போட வேண்டாம். பிரௌசரைத் திறந்து அதிலேயே ஆடலாம். இதற்கு அடித்தளமாக இருந்த 'ஃபிளாஷ்' மென்பொருளுக்கு 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு விடை கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் ரசிகர்கள் விடவில்லை. வேறு மென்பொருளின் தயவில் இன்றும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

மொத்தம் 110 கேள்விகள். உங்களுக்கு மூன்று உயிர்கள். தப்பான பதில் ஒன்றுக்கு ஓர் உயிர் போகும். மூன்றும் போனால் மறுபடி முதல் கேள்வி! நூறாவது கேள்வி வரை போயிருந்தாலும் சரி, பாதியில் சேமித்து வைக்கும் வசதி கிடையாது.

கேள்விகள் எல்லாமே குதர்க்கம். போலோவுக்கு வருவோம். கேள்வி மிட்டாயைப் பற்றியதே இல்லை. 'எ போலோ' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதிப் பாருங்கள். 'ஏ'யில் ஓர் ஓட்டை, 'பி'யில் ஓர் ஓட்டை, இரண்டு 'ஓ'விலும் ஆளுக்கு ஒன்று. ஆக நான்கு!

இன்னொரு கேள்வி: 'கேன் எ மேட்ச் பாக்ஸ்?' ஆங்கிலத்தில் 'பாக்ஸ்' என்றால் பெட்டி. குத்துச்சண்டை போடுவதற்கும் அதே சொல்தான். தீக்குச்சி குத்துச்சண்டை போடுமா என்று கேட்கிறார்கள். சரியான பதில்: 'முடியாது, ஆனால் டின் கேன்!' தகர டப்பாவுக்கும் 'கேன்', முடியும் என்பதற்கும் 'கேன்'. தகர டப்பாவால் முடியுமாம்!

சிரிப்பு வருகிறது அல்லவா? நம் வீட்டுத் தாத்தாக்களும் இதைத்தானே செய்தார்கள்! "மரத்துல பத்துக் குருவி, ஒண்ணைச் சுட்டா மீதி எத்தனை?" என்பார்கள். "ஒன்பது" என்று சொல்லி அசடு வழிவோம். மற்றதெல்லாம் பறந்துவிடும் என்ற ஞானம் பிறகுதான் வரும். ஆனால் ஒரு வித்தியாசம். திண்ணையில் தப்பாகச் சொன்னால் எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள். சொன்னவனும் சிரிப்பான். இங்கே குழந்தை தனியாக உட்கார்ந்து தோற்கிறது. கூடச் சிரிக்க ஆளில்லை. அதனால்தான் சிரிப்பு வர வேண்டிய இடத்தில் கோபம் வருகிறது.

மனசு ஏன் வழுக்குகிறது?

இப்போது நீங்கள் ஒரு கணக்குப் போடுங்கள். கிரிக்கெட் மட்டையும் பந்தும் சேர்ந்து 110 ரூபாய். பந்தைவிட மட்டை 100 ரூபாய் அதிகம். பந்தின் விலை என்ன?

'பத்து ரூபாய்' என்று மனசு சொல்லியிருக்குமே! பந்து 10 என்றால் மட்டை 110. கூட்டினால் 120 அல்லவா வருகிறது? சரியான விடை 5 ரூபாய். மட்டை 105.

அமெரிக்கப் பேராசிரியர் ஷேன் ஃபிரெடெரிக், டாலர் கணக்கில் இருந்த இந்தக் கேள்வியோடு இன்னும் இரண்டைச் சேர்த்து 3,428 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார். பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். 2005ல் வந்த அவரது கட்டுரையின்படி, மூன்றுக்கும் சரியாகச் சொன்னவர்கள் 17 சதவீதம்தான். மூன்றிலும் கோட்டை விட்டவர்கள் 33 சதவீதம். அவ்வளவு பேருக்குமா கூட்டல் கழித்தல் தெரியாது? தெரியும். முதலில் வந்த பதிலை நிறுத்தி வைத்து, 'நீ சரிதானா?' என்று கேட்கவில்லை. அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை. 1981ல் எரிக்சன், மேட்சன் என்ற இரு ஆய்வாளர்கள், "மோசே தன் பேழையில் ஒவ்வொரு மிருகத்திலும் எத்தனை ஏற்றினார்?" என்று கேட்டார்கள். பெரும்பாலோர் "இரண்டு" என்றார்கள். பேழை கட்டியவர் மோசே அல்ல, நோவா! அது தெரிந்தவர்களே ஏமாந்தார்கள். பேழை, மிருகம் என்ற வார்த்தைகள் காதில் விழுந்ததும் மனசு மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொண்டது.

2002ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற உளவியல் அறிஞர் டேனியல் கானமன், நம் மனசுக்கு இரண்டு நடை உண்டு என்று விளக்கினார். ஒன்று வேக நடை. பழக்கத்தில் ஓடும், களைப்பே தெரியாது. மற்றது நிதான நடை. அதற்கு முயற்சி வேண்டும், அதனால் சோம்பல் படும். வேக நடை கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் நாம் ரோட்டைக்கூடக் கடக்க முடியாது. சிக்கல் எங்கே என்றால், வேகத்தில் வந்த பதிலும் 'நான் சரி' என்ற முகத்தோடுதான் வந்து நிற்கும். பழக்கம், அறிவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது!

எல்லாமே குதர்க்கம் என்பதும் தப்பு

"சரி டாக்டர், இனிமேல் எதையுமே நம்ப மாட்டேன்" என்கிறீர்களா? அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது.

1942ல் லூச்சின்ஸ் என்ற உளவியல் அறிஞர் தண்ணீர்ப் பாத்திரக் கணக்கு ஒன்று கொடுத்தார். 21, 127, 3 அளவு பிடிக்கும் மூன்று பாத்திரங்கள். சரியாக 100 அளவு தண்ணீர் எடுக்க வேண்டும். 127ஐ நிரப்பி, அதிலிருந்து 21 ஒரு தடவை, 3 இரண்டு தடவை ஊற்றிவிட்டால் 100. இதே வழியில் பல கணக்குகள் போட்டுப் பழகியவர்களிடம் அடுத்து ஒன்று கொடுத்தார்: 23, 49, 3. வேண்டியது 20. பழகியவர்களில் பலர் 49ல் ஆரம்பித்து அதே சுற்றுவழியில் போனார்கள். 23ல் 3ஐக் கழித்தால் 20 என்ற நேர்வழி கண்ணில் படவே இல்லை!

விளையாட்டில் எனக்கும் இதே கதிதான். பத்துக் குதர்க்கக் கேள்விகளுக்குப் பிறகு, எதைப் பார்த்தாலும் உள்குத்து தேட ஆரம்பித்துவிட்டேன். கண்ணெதிரே இருக்கும் சுலபமான விடையை விட்டுவிட்டு ஓர் உயிரை இழந்தேன். அவசரமும் ஒரு பழக்கம், அதிசந்தேகமும் ஒரு பழக்கம். கேள்வியைக் கேள்வியாகப் பார்ப்பதுதான் நிதானம்.

குண்டு எரியும்போது உடம்பில் என்ன?

சில கேள்விகளின் ஓரத்தில் ஒரு வெடிகுண்டு இருக்கும். வினாடிகள் இறங்கிக்கொண்டே வரும். அதற்குள் பதில் சொல்லாவிட்டால் வெடித்துவிடும். மூன்று உயிர் கையில் இருந்தாலும் ஆட்டம் குளோஸ்!

குண்டு பொய்தான். ஆனால் உடம்புக்கு அது தெரியாதே! அட்ரினலின் சுரக்கிறது. நாடி வேகமாகிறது. மூச்சு மேலோட்டமாகிறது. தோள் இறுகுகிறது. பகலில் பத்து நிமிஷம் என்றால் பாதகமில்லை. ராத்திரி பத்தரை மணிக்கு நெஞ்சு படபடக்க ஆடிவிட்டு, உடனே படுக்கையில் போய் விழுந்தால் தூக்கம் எப்படி வரும்? 13 வயதுப் பிள்ளைக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அது குறைந்தால் மறுநாள் நிதான நடை முதலில் படுத்துவிடும். வேக நடை மட்டும்தான் மிச்சம். அப்புறம் விளையாட்டிலும் தப்பு, பரீட்சையிலும் தப்பு.

"இதெல்லாம் ஆடினா மூளை வளருமாமே?" என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. 2010ல் 'நேச்சர்' இதழில் ஏட்ரியன் ஓவன் குழுவினரின் ஆய்வு ஒன்று வந்தது. 11,430 பேர் ஆறு வாரம் கம்ப்யூட்டரில் மூளைப் பயிற்சி செய்தார்கள். பழகிய பயிற்சியில் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். ஆனால் அந்தத் திறமை மற்ற சோதனைகளில் கைகொடுத்ததாகத் தெரியவில்லை. ஆகவே, இதை மூளை டானிக் என்று நினைத்துப் புகட்டவும் வேண்டாம், விஷம் என்று விரட்டவும் வேண்டாம். பின்னே இதில் என்ன லாபம்? ஒரே ஒரு லாபம். 'எனக்குத் தெரியும்' என்ற எண்ணம் எவ்வளவு சுலபமாக ஏமாறுகிறது என்பதைக் காசு செலவில்லாமல் காட்டுகிறது.

நான் வழுக்கிய கதை

அந்தப் பாடத்தை நான் படித்தது கம்ப்யூட்டரில் அல்ல.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த நாட்களில், எண்வகைத் தேர்வை எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்கள். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். எட்டையும் பார். 'நாடியில் தெரிந்துவிட்டது' என்று மிச்ச ஏழையும் விட்டுவிடாதே என்பார் எங்கள் பேராசிரியர். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனால்…

பல வருஷங்களுக்கு முன் ஒரு நாள் மதியம், எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். கூடவே மனைவி. "டாக்டரே, காலைலே கல்யாண வீட்டுல சாப்பிட்டேன். மேல் வயிறு அடைச்ச மாதிரி இருக்கு. இடது தோள்ல பிடிப்பு. வாயுதான், ஒரு சூரணம் குடுங்க" என்றார்.

கல்யாணச் சாப்பாடு, வயிறு, பிடிப்பு. கேள்வியிலேயே பதிலும் இருக்கிறதே! "வாயுதான் அண்ணாச்சி" என்று சொல்லி, கை சூரண டப்பாவுக்கே போய்விட்டது. அப்போது அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, ஃபேனுக்கு அடியிலதான் இருக்கோம். இவுகளுக்கு மட்டும் ஏன் இப்படி வேர்க்குது?"

திரும்பிப் பார்த்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. சூரண டப்பாவை மூடி வைத்தேன். அடுத்த நிமிஷம் ஆட்டோ பிடித்து, நானும் ஏறி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈசிஜி எடுத்தார்கள். மாரடைப்பு!

அண்ணாச்சி பிழைத்துக்கொண்டார். இன்றைக்கும் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் ஒன்றை நான் மறைக்க விரும்பவில்லை. அன்று அவரைக் காப்பாற்றியது என் படிப்பல்ல. அவர் மனைவி கேட்ட ஒரு 'ஏன்'. அந்த அம்மாள் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு வேர்க்கும்.

'வாயு' என்பது நம் வீடுகளில் ரெடிமேட் பதில். நெஞ்சிலோ மேல் வயிற்றிலோ அழுத்தம், அது தோள், கை, தாடை, முதுகு என்று பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல், இவை தெரிந்தால் சோடா, பெருங்காயம், சூரணம் என்று எதற்கும் காத்திருக்காதீர்கள். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் சில சமயம் நெஞ்சுவலியே இல்லாமல்கூட மாரடைப்பு வரும். விளையாட்டில் மூன்று உயிர். நமக்கு ஒன்றுதான்.

பையனின் தலைவலி என்ன ஆச்சு?

அதற்கு வருகிறேன். அம்மா வந்ததும் சொன்ன பதில் ஞாபகம் இருக்கிறதா? 'காரணம் எனக்கே தெரியும், கம்ப்யூட்டர்!' எனக்கும் அதுவே சரி என்றுதான் பட்டது. அறிவுரை சொல்ல வாயைத் திறந்தும்விட்டேன். போலோவில் பட்ட அடி நல்ல வேளையாகத் தடுத்தது.

"தம்பி, தலைவலி எப்போ ஆரம்பிக்கும்?"

"ஸ்கூல்லயே டாக்டர். மத்தியானம்."

"லீவு நாள்ல?"

"அவ்வளவா இருக்காது."

"கிளாஸ்ல எங்கே உட்கார்றே?"

"கடைசி பெஞ்ச். ஜூன்லதான் மாத்தினாங்க."

சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படிக்கச் சொன்னேன். கண்ணை இடுக்கிக்கொண்டு, கழுத்தை நீட்டினான். பெரிய தேதி தெரிந்தது. கீழே இருந்த சின்ன எழுத்து தெரியவில்லை. கண் டாக்டரிடம் அனுப்பினேன். கிட்டப்பார்வை, கூடவே சிலிண்டர் பவர். கண்ணாடி போட்டாயிற்று. பத்தரைக்கு மேல் விழித்திருப்பதும் நின்றது. மூன்று வாரம் கழித்து வந்தபோது தலைவலி பெரும்பாலும் போய்விட்டிருந்தது.

விளையாட்டு முழு நிரபராதி என்று நான் சொல்லவில்லை. தூக்கத்தைத் திருடியது அதுதான். ஆனால் கம்ப்யூட்டரை மட்டும் பிடுங்கி வைத்திருந்தால், போர்டு தெரியாத பையன் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்து, தலைவலியோடு மார்க்கையும் இழந்திருப்பான். 'மக்கு' என்ற பட்டமும் சேர்ந்திருக்கும்.

அந்த விளையாட்டில் 'ஸ்கிப்' என்று ஒரு வசதி உண்டு. வழியில் ஏழு கிடைக்கும். மாட்டிக்கொண்டால் ஒன்றைச் செலவழித்துக் கேள்வியைத் தாண்டிவிடலாம். ஆனால் கடைசிக் கேள்வியில் அந்த ஏழும் தேவைப்படும்! முன்பே செலவழித்தவர் அங்கே வந்தும் ஜெயிக்க முடியாது. ரெண்டு மாசமாகத் தலைவலி வரும்போதெல்லாம் அந்த அம்மா ஒரு மாத்திரை கொடுத்து வந்தார். அதுவும் ஒரு 'ஸ்கிப்'தானே? உடம்பு கேட்கும் கேள்வியை ஒரு நாள் தாண்டலாம். தினமும் தாண்டினால் கடைசியில் கணக்குக் கேட்கும்.

வீட்டில் கவனிக்க:

* இத்தகைய விளையாட்டைக் குழந்தை தனியாக ஆடாமல், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். தப்பானால் சேர்ந்து சிரியுங்கள். 'உனக்கு இதுகூடத் தெரியலையா?' என்று மட்டும் கேட்காதீர்கள். ஆளைத் தோற்கடிக்கவே செய்த விளையாட்டு அது. தோற்பது முட்டாள்தனம் அல்ல.

* ஒரு தடவைக்கு அரை மணி நேரம் போதும். மூன்று உயிரும் போனால் அன்றைக்கு எழுந்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

* படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

* 20 நிமிஷத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் உள்ள பொருளை 20 வினாடி பார்க்கச் சொல்லுங்கள். அப்போது கண்ணை இடுக்குகிறதா என்று நீங்கள் பாருங்கள்.

* கோபத்தில் கை ஓங்கினால் திட்ட வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீர், நாலு நிதான மூச்சு, வீட்டுக்குள் ஒரு சுற்று நடை.

* திரும்பத் திரும்ப வரும் தலைவலிக்குக் காரணத்தை நீங்களே தீர்மானிக்காதீர்கள். எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று ஒரு வாரம் எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

* அவரும் ஒரே நிமிஷத்தில் பதில் சொல்லிவிட்டால், "வேற ஏதாவது இருக்குமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். நான் மாட்டேன்.

கண்ணாடியோடு வந்த அன்று பையன் விடைபெறும்போது, வாசல்வரை போய்த் திரும்பினான். "டாக்டர், மரத்துல பத்துக் குருவி. ஒண்ணைச் சுட்டா மீதி எத்தனை?"

இந்தத் தடவை நான் உடனே வாயைத் திறக்கவில்லை. "சுட்டது துப்பாக்கியிலா, கவண்கல்லிலா?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். அவன் அம்மாவும் சேர்ந்து சிரித்தார்.